பரீட்சைத் தாளும் பகுத்தறிவும்

(ஏற்காட்டில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நாம் பேசியதின் சாரம்)



நம்மை இங்கு அழைத்தவர்கள், "பிள்ளைகளுக்குப் பரீட்சையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொண்டார்கள். பரீட்சையைப் பற்றிப் பேசச் சொன்னால் மற்ற மேடைகளில் என்ன சொல்லுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். "விடியற்காலம் எழுந்து படி, சாமியைக் கும்பிடு, அப்புறம் தலையில் எழுதியபடி நடக்கும்" என்பார்கள். இந்த மூன்றில் முதலாவதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு, கேள்வித் தாளையே கையில் எடுத்துக்கொண்டு பேசப் போகிறோம். அதிலும் அநேகம் பிள்ளைகள் பயப்படுகிற ஒரு பாகத்தைப் பற்றியே பேசப் போகிறோம். அதாவது, ஒரு பத்தியைக் கொடுத்து "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்றும், ஒரு சொல்லைக் கொடுத்து "இதன் பொருள் என்ன?" என்றும் கேட்கிறார்களே, அந்தப் பாகம்.

இது இப்போது ஏன் முக்கியம் என்றால், 2022 முதல் மத்திய சர்வகலாசாலைகளில் சேருவதற்கு சி.யு.இ.டி. என்ற பொதுப் பரீட்சை ஏற்பட்டிருக்கின்றது. திருவாரூரில் உள்ள மத்திய சர்வகலாசாலையும் அதில் சேர்ந்ததே. அந்தப் பரீட்சையின் பாஷைத் தாளைத் தமிழிலும் எழுதலாம். பத்தி படித்து விடை சொல்லுவதும், ஒத்த பொருள், எதிர்ப் பொருள் கண்டுபிடிப்பதும்தான் அதன் சாரம். சட்டப் படிப்புக்கான கிளாட் பரீட்சையோ 2020 முதல் முழுவதும் பத்தி படித்து விடை சொல்லுகிற பரீட்சையாகவே மாறிவிட்டது. அதுவும் இங்கிலீஷில் மட்டும். டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையில் பாஷைத் தாள் இல்லையென்றாலும், கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதவன் எந்த விஞ்ஞானத்தைக் கொண்டு விடை எழுதுவான்?

கணக்கு என்றால் உழைத்தால் வரும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். சொல்லும் படிப்பும் என்று வந்துவிட்டால், "அது படித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வரும், நமக்கு வராது" என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். பெற்றோர்களும், "எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை, ஆகையால் இவனுக்கு எங்கே வரப்போகிறது?" என்கிறார்கள். தோழர்களே, இந்த "ஆகையால்" என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய நம் பேச்சு முழுவதும் அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

தெரியாத சொல்லுக்குப் பொருள் காண்பது

இந்த மலையிலிருந்தே ஒரு உதாரணம் எடுத்துக்கொள்ளுவோம். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் இங்கு காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பார்கள். அது முதல் இங்குள்ள மக்களின் பிழைப்பு காப்பித் தோட்டத்தோடு ஒட்டியிருக்கின்றது. பரீட்சையில் இப்படி ஒரு பத்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். நிழல் அதிகமானால் காய்ப்புக் குறையும். நிழல் மிகவும் குறைந்தால் தண்டைத் துளைக்கும் வண்டு பெருகும். ஆகையால் தோட்டக்காரர்கள் நிழல் மரங்களைக் கவாத்துச் செய்கிறார்கள்."

கேள்வி: இங்கு "கவாத்து" என்பதின் பொருள் என்ன? விடைகள் நான்கு. ஒன்று, அணிவகுத்துப் பழகுதல். இரண்டு, கிளைகளை அளவாக வெட்டி ஒழுங்கு செய்தல். மூன்று, உரம் இடுதல். நான்கு, மரத்தை அடியோடு வெட்டிவிடுதல்.

தோட்டத்தில் வேலை செய்யும் தாய் தகப்பனுடைய பிள்ளை இந்தக் கேள்வியைக் கண்டால் சிரிப்பான். அவன் வீட்டில் தினம் அடிபடுகிற சொல் அது. ஆனால் பட்டணத்தில் போலீஸ் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்குக் கவாத்து என்றால் காலையில் மைதானத்தில் நடக்கும் அணிவகுப்புத்தான். அவன் முதல் விடையைக் குறித்துவிடலாம். அதனால் அவன் முட்டாளா? அல்ல. தோட்டத்துப் பிள்ளைதான் மேதாவியா? அதுவும் அல்ல. ஒருவன் வீட்டில் அந்தச் சொல் இருந்தது. மற்றவன் வீட்டில் வேறு பொருளில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இரண்டு வீட்டிலும் பிறக்காத, அந்தச் சொல்லையே கேட்டிராத ஒரு பிள்ளையும் சரியான விடைக்கு வரலாம். எப்படி என்று பாருங்கள். மரங்கள் அணிவகுத்து நடக்காது. ஆகவே முதல் விடை போயிற்று. உரம் போட்டால் தழை இன்னும் அடர்ந்து நிழல் கூடுமே தவிர அளவுக்கு வராது; ஆகவே மூன்றாவது போயிற்று. அடியோடு வெட்டினால் நிழலே இராது. நிழல் மிகவும் குறைந்தால் வண்டு பெருகும் என்று பத்தியே சொல்லுகிறது. ஆகவே நான்காவதும் போயிற்று. மிச்சம் நிற்பது இரண்டாவது. அதைப் போட்டுப் படித்துப் பார்த்தால் வாக்கியம் பொருந்துகிறது. இதற்கு அகராதியும் வேண்டியதில்லை, அதிர்ஷ்டமும் வேண்டியதில்லை. "ஆகையால்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற புத்தி இருந்தால் போதும்.

இன்னொரு சொல்லைப் பாருங்கள். "மலையாளி" என்றால் கீழ்நாட்டில் இருப்பவர்கள் கேரளத்துக்காரர் என்றே நினைப்பார்கள். இந்தச் சேர்வராயன் மலையிலோ, கொல்லி மலையிலோ, கல்வராயன் மலையிலோ அச்சொல், தமிழ் பேசுகிற, மலையை ஆளுகிற பழங்குடி மக்களைக் குறிக்கும். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் அவர்களே. இதைத் தெரியாத ஒரு பெரிய பட்டதாரியைப் பார்த்து நீங்கள் சிரிக்க வேண்டியதில்லை. அதுபோலவே, அவர் வீட்டில் புழங்குகிற ஒரு சொல் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் தலை குனிய வேண்டியதில்லை. சென்னைச் சர்வகலாசாலையார் 1924 முதல் 1936-க்குள் 6 பாகங்களாகத் தமிழ் அகராதி போட்டார்கள். அதில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அவ்வளவையும் தெரிந்துகொண்டு பிறந்தவன் எந்த ஜாதியிலும் இல்லை.

பத்தியில் இருப்பதும் நம் மனதில் இருப்பதும்

இனி, அதே பத்தியைக் கொண்டு "இதிலிருந்து தெரிவது என்ன?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிழலே இல்லாவிட்டால் காய்ப்பு அதிகமாகும் என்பது ஒரு விடை. நிழல் எப்போதும் நல்லது என்பது ஒன்று. நிழல் அளவோடு இருக்க வேண்டும் என்பது ஒன்று. சேர்வராயன் மலைக் காப்பியே உலகத்தில் சிறந்தது என்பது மற்றொன்று.

கடைசி விடையைக் கண்டதும் நமக்கெல்லாம் சந்தோஷமாக இருக்கும். கை தானாக அதன் பக்கம் போகும். ஆனால் பத்தியில் அது எங்கே இருக்கிறது? இல்லை. நமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக ஒன்று பத்தியில் இருந்துவிடாது. முதல் விடை இன்னும் தந்திரமானது. நிழல் அதிகமானால் காய்ப்புக் குறையும் என்று சொன்னதினாலேயே, நிழலே இல்லாவிட்டால் காய்ப்புக் கூடும் என்று சொன்னதாக ஆகாது. சோறு அதிகமாகத் தின்றால் வயிறு கெடும் என்று வைத்தியர் சொன்னால், சோறே தின்னாதவன்தான் சுகமாயிருப்பான் என்று அர்த்தமா? இரண்டாவது விடையில் "எப்போதும்" என்று ஒரு சொல் ஒளிந்துகொண்டிருக்கிறது. "எப்போதும்", "எல்லாம்", "ஒருக்காலும்", "மட்டும்" என்ற சொற்களைக் கண்டால், திருவிழாக் கூட்டத்தில் மடியைப் பிடித்துக்கொள்ளுகிற மாதிரி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சில இடத்தில் அவை சரியாகவும் இருக்கலாம். ஆனால் பத்தியும் அவ்வளவு தூரம் சொல்லியிருக்கிறதா என்று பார்க்காமல் குறிக்கக் கூடாது.

பத்தியில் சொல்லியிருப்பது உலகத்தில் உண்மையா பொய்யா என்பது அந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "பத்தியின்படி" என்று கேட்டால் பத்தியின்படி விடை எழுதிவிட்டு வரவேண்டியதுதான். ஆனால் அச்சில் இருக்கிறதே என்பதற்காக அதை வீட்டிற்குக் கொண்டுவந்து நம்ப வேண்டியதில்லை. "இதில் இப்படி எழுதியிருக்கிறது" என்பது ஒன்று; "இது உண்மை" என்பது வேறு ஒன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததினால்தானே இந்த நாட்டில் புராணங்களும் சாஸ்திரங்களும் இத்தனை காலம் ஆட்சி செய்தன? "முன் ஜென்மத்தில் பாவம் செய்தான், ஆகையால் இந்த ஜாதியில் பிறந்தான்" என்று ஒருவன் சொன்னபோது, அந்த "ஆகையால்" என்பதற்கு முன்னால் இருப்பதற்கு என்ன ருஜு என்று நம் பாட்டன் பூட்டன்மார் கேட்டிருந்தால், நாம் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டியதில்லை. பரீட்சைக்குப் பத்தி படிக்கக் கற்றுக்கொள்ளுகிற பிள்ளை, அதே கண்ணால் பஞ்சாங்கத்தையும் படிப்பானேயானால் அதுவே நமக்குப் பெரிய லாபம்.

அதிர்ஷ்டமும் ராகு காலமும்

பஞ்சாங்கம் என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. பரீட்சைக்கு முன் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல நேரம் பார்த்துப் பிள்ளையை வாசற்படி தாண்டச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். 2025-ம் வருஷம் நீட் பரீட்சை மே 4-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பரீட்சைக் கூடத்தின் கதவை 1.30 மணிக்குச் சாத்தினார்கள். பஞ்சாங்கப்படி ஞாயிற்றுக்கிழமை 12 முதல் 1.30 வரை யமகண்டம். பரீட்சை 2 மணி முதல் 5 மணி வரை. 4.30-க்கு ராகு காலம் பிறந்துவிடுகிறது. ஆக, யமகண்டத்தில் உள்ளே போய், ராகு காலத்தில் எழுதி முடித்த பிள்ளைகளில் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தேறினார்கள்! தேறாதவர்களுக்கும் அதே யமகண்டம், அதே ராகு காலந்தான். எல்லாருக்கும் பொதுவான ஒன்று, சிலர் தேறியதற்கும் சிலர் தேறாததற்கும் எப்படிக் காரணமாகும்? இதுவும் ஒரு "ஆகையால்" கேள்விதான்.

அதிர்ஷ்டம் என்பதையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சி.யு.இ.டி. பரீட்சையில் சரியான விடைக்கு 5 மார்க்கு. தப்பினால் 1 மார்க்குப் போகும். 4 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 1 சரியாகும், 5 வரும், 3 போகும், மிச்சம் 2. அதே 4 கேள்விகளில் ஒவ்வொன்றிலும் பொருந்தாத 2 விடைகளை யோசித்துத் தள்ளிவிட்டு, மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக 2 சரியாகும், 10 வரும், 2 போகும், மிச்சம் 8. அதிர்ஷ்ட தேவதை கொடுப்பது 2, அரைகுறையாக யோசித்தாலும் புத்தி கொடுப்பது 8. யாரைக் கும்பிடுவது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை எதை அளக்கிறது?

இவ்வளவும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். இனிப் பரீட்சை வைக்கிறவர்களைப் பார்த்தும் சில கேள்விகள் கேட்க வேண்டும். ஏனென்றால், "மார்க்குக் குறைந்தவன் புத்தி குறைந்தவன், ஆகையால் அவனுக்கு இடம் கூடாது" என்பதும் ஒரு "ஆகையால்" அல்லவா?

அமெரிக்காவில் காலேஜில் சேருவதற்கு எஸ்.ஏ.டி. என்ற பரீட்சை 1926-ல் முதன்முதலாக நடந்தது. அதை உண்டாக்கியவர் கார்ல் பிரிகாம் என்ற மனோதத்துவப் பேராசிரியர். அவர் 1923-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு வைத்த புத்திப் பரீட்சையின் மார்க்குகளைக் கொண்டு, இன்ன இனத்தார் பிறப்பிலேயே உயர்ந்தவர்கள், இன்ன இனத்தார் தாழ்ந்தவர்கள் என்று வர்ணாசிரமம் போலவே அதில் அடுக்கி வைத்தார். அந்த மார்க்குகளிலேயே ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களில், வந்து அதிக வருஷம் ஆனவர்கள் அதிக மார்க்கு வாங்கியிருந்தார்கள். சாதாரண மனிதன் என்ன நினைப்பான்? "இருக்க இருக்க அந்நாட்டுப் பேச்சும் பழக்கமும் வந்திருக்கிறது" என்று நினைப்பான். பேராசிரியரோ, "முன்னால் வந்தவர்கள் நல்ல இனம், பின்னால் வந்தவர்கள் மட்ட இனம்" என்று முடிவு கட்டினார். 1930-ல் அவரே தம் ஆராய்ச்சி ஆதாரமற்றது என்று எழுதி ஒப்புக்கொண்டார். அந்த மட்டில் அவரைப் பாராட்ட வேண்டும். நம் நாட்டு மனுதர்மக்காரர்கள் இன்னும் ஒப்புக்கொண்டபாடில்லை.

அந்தப் பரீட்சையில் வந்த ஒரு கேள்வி மிகவும் பேர்போனது. ஓட்டக்காரனுக்கு நெடுந்தூர ஓட்டப் பந்தயம் எப்படியோ, அப்படித் துடுப்புப் போடுகிறவனுக்கு எது என்று கேட்டார்கள். விடை, படகுப் பந்தயத்தைக் குறிக்கும் "ரெகட்டா" என்ற சொல். பணக்காரர்கள் பொழுதுபோக்குக்குப் படகு விடுகிற ஏரிக்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியும். தொழிற்சாலைப் பக்கத்துக் குடிசையில் வளர்ந்த கறுப்பர் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாமும் ஒரு கேள்வி கேட்போம். மிளகுக் கொடிக்குச் சில்வர் ஓக் மரம் எப்படியோ, அப்படி வெற்றிலைக் கொடிக்கு எது? அகத்தி என்று இங்கு பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் சொல்லுவாள். இதை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வைத்து, தெரியாதவர்களெல்லாம் பிறவி மூடர்கள் என்று சொன்னால் அந்நாட்டார் ஒப்புக்கொள்ளுவார்களா? பல வருஷக் கண்டனத்துக்குப் பிறகு 2005-ல் அந்த மாதிரி ஒப்புமைக் கேள்விகளையே எடுத்துவிட்டார்கள்.

அமெரிக்கா வரை போவானேன்? நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது. 2018-ம் வருஷத்து நீட் பரீட்சையில் தமிழ்க் கேள்வித் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்கு ஏற்பட்டது. "சிறுத்தை" என்று இருக்க வேண்டிய இடத்தில் "சீத்தா" என்று அச்சிட்டிருந்தார்கள். இங்கிலீஷில் உள்ள "சீட்டா" தமிழுக்கு வரும் வழியில் சீத்தா ஆகிவிட்டது. பிராணி நூல் பரீட்சையில் இராமாயணம் எதற்கு என்று பிள்ளை விழிப்பானா? சீத்தாப்பழத்தைப் பற்றிக் கேட்கிறார்களோ என்று யோசிப்பானா? போதாக்குறைக்கு, சந்தேகம் வந்தால் இங்கிலீஷில் இருப்பதே முடிவு என்று விதி வேறு! இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தால் அவன் தமிழ்த் தாளை எதற்கு வாங்குகிறான்? அந்த வருஷம் ஜூலை 10-ந் தேதி மதுரை ஐகோர்ட்டுக் கிளை, அந்த 49 கேள்விகளுக்கும் 4 மார்க்கு வீதம் 196 மார்க்குக் கொடுக்கும்படி தீர்ப்புச் சொல்லிற்று. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. மார்க்கைக் கொடுப்பது சரியா, வேறு பரிகாரம் சரியா என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் பரீட்சை வைத்தவன் சொல்லைத் தப்பாகப் போட, அதற்குத் தண்டனை படித்த பிள்ளைக்கு என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இந்த மலையையே பாருங்கள். இதே ஏற்காட்டில் 1917-ல் ஏற்பட்ட மாண்ட்போர்ட் பள்ளி இருக்கிறது. எங்கெங்கேயோ இருந்து வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். இதே மலையில், பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிற சர்க்கார் உண்டுறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. நல்ல பள்ளி இருப்பதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. எல்லாப் பள்ளியும் அப்படி ஆகட்டும் என்பதே நம் ஆசை. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வித் தாளைக் கொடுத்துவிட்டு, வந்த மார்க்கைத் "தகுதி" என்று பேரிட்டு அழைத்தால், அதில் பிள்ளையின் புத்தி எவ்வளவு, வீட்டின் வசதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா? தமிழ்நாட்டில் தொழிற் கல்விக்கு இருந்த நுழைவுப் பரீட்சையை 2007 முதல் எடுத்ததும், 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கியதும், 2022 ஏப்ரலில் சி.யு.இ.டி. கூடாது என்று சட்டசபை தீர்மானம் செய்ததும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

செய்ய வேண்டியது

"அப்படியானால் பரீட்சை ஒழியும் வரை சும்மா இருக்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. முறை சரியில்லை என்று போராடுவது பெரியவர்கள் வேலை; இருக்கிற பரீட்சையில் உள்ளே புகுந்து இடத்தைப் பிடிப்பது பிள்ளைகள் வேலை. இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும்.

இதற்குப் பெரிய பணச் செலவு இல்லை. நம் இயக்கம் வளர்ந்தது படிப்பகங்களில். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்துத் தெரியாதவரும் கேள்வி கேட்பார். அதையே ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் பிள்ளைகளைக் கொண்டு செய்யுங்கள். ஒரு பிள்ளை ஒரு பத்தியைப் படிக்கட்டும். தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைப் புரட்டாமல் நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்து ஒவ்வொருவரும் பொருளை ஊகித்துச் சொல்லட்டும். ஏன் அப்படி ஊகித்தாய் என்று மற்றவர்கள் கேட்கட்டும். பிறகு அகராதியைப் பார்க்கட்டும். அந்தச் சொல்லை நோட்டில் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதிக்கொள்ளட்டும். தமிழில் இப்படிப் பழகின பிள்ளைக்கு இங்கிலீஷ் பத்தியைக் கண்டாலும் பயம் தெளியும். ஏனென்றால் சொற்கள்தான் வேறே தவிர, யோசிக்கிற முறை ஒன்றுதான். பெண் பிள்ளைகளைத் தண்ணீருக்கும் விறகுக்கும் அனுப்பிவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துவிடாதீர்கள்.

எழுத்தும் சொல்லும் நமக்கு ஆயுதங்களே ஒழிய, சாமி அல்ல. 1935-ல் "குடி அரசு" சில தமிழ் எழுத்துக்களைச் சுலபமாக்கி அச்சிட்டபோது பாஷை கெட்டுப்போகும் என்று பண்டிதர்கள் கூச்சலிட்டார்கள். 1978-ல் சர்க்காரே அதை ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் பள்ளிப் புஸ்தகம் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. பாஷை கெட்டுப்போகவில்லை, படிப்பது சுலபமாயிற்று.

ஆகவே பெற்றோர்களே, "எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை, ஆகையால் இவனுக்கு வராது" என்று இனிமேல் சொல்லாதீர்கள். "எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை; ஆகையால் இவனுக்குப் புஸ்தகமும், நல்ல வாத்தியாரும், கொஞ்சம் அதிக நேரமும் வேண்டும்" என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடத்திலும் சர்க்காரிடத்திலும் போய் அதைக் கேளுங்கள்.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டிற்குப் போய், எது எதிலிருந்து எது வருகிறது என்று உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.